குள்ளஞ்சாவடி வாசலுக்கு ஒரு மணித்திரை

நெய்வேலி
12-12-1965

திரு. சிங்காரவேல் அவர்களுக்கு,

வணக்கம். நான் காந்திமதியின் அண்ணன் சடையப்பன். சென்ற மாதம் நீங்கள் பிலாயிலிருந்து லீவில் வந்தபோது உங்கள் அம்மாவையும் சித்தப்பாவையும் அழைத்துக்கொண்டு எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பெண் பார்க்க வந்தீர்களே, அன்று ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு யாரிடமும் அதிகம் பேசாமல் இருந்தவன் நான்தான். ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தேன். பேசாததற்குக் காரணம் அசதி இல்லை. அது கீழே வருகிறது.

உங்களை எப்படி அழைத்து எழுதுவது என்று தெரியவில்லை. மாப்பிள்ளை என்று எழுத இன்னும் எதுவும் முடிவாகவில்லை. நண்பர் என்று எழுத நாம் பழகவில்லை. அதனால் திரு போட்டிருக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். அங்கே உங்கள் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் இராது என்று நம்புகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அன்று எங்கள் ஹாலில் நீங்கள் பார்த்த கைவேலைச் சாமான்களில் ஒன்றுகூட என் தங்கை செய்தது இல்லை. வாசலில் தொங்கிய, காகித மணிகள் கோத்த மணித்திரை பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி அக்காவுடையது. கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த அன்னப்பறவைத் தையல் எதிர்வீட்டு ஓவர்சியர் மனைவியுடையது. பச்சையும் வெள்ளையுமாக இருந்த ஒயர் கூடை, சிப்பி மயில், முட்டை ஓட்டுப் பொம்மை எல்லாம் பிளாக்கில் வீட்டுக்கு ஒன்றாக வந்தவை. இந்த டவுன்ஷிப்பில் பெண் பார்க்க ஆள் வந்தால் இதுதான் வழக்கம். எல்லா ஜில்லாக்காரர்களும் வந்து குடியேறிய இடம். சொந்தக்காரர் என்று பக்கத்தில் யாரும் கிடையாது. அதனால் சாமான்களைக் கொடுத்து வாங்கிச் சொந்தமாகிக்கொள்கிறார்கள். எங்கள் தையல் மிஷின்கூடப் போன வருஷம் இரண்டு வீடுகளில் 'பொண்ணோட சொந்த மிஷின்' என்ற பெயரில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தது.

தீக்குச்சியில் கட்டிய கோபுரம் ஒன்று ஸ்டூல்மேல் இருந்தது நினைவிருக்கும். அது கோடி வீட்டு மதுரைக்கார அம்மாளுடையது. கொடுத்தவர் சும்மா இருக்காமல் காவலுக்குக் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டார். உங்கள் சித்தப்பா கையை நீட்டும்போதெல்லாம், "தொட்றாதீக, ஒட்டு விட்ரும்" என்று பதறினார். உங்கள் சித்தப்பாவும், "பொண்ணு செஞ்சதுக்கு இந்தம்மா ஏன் இப்படித் துடிக்கிறாங்க?" என்று கேட்டார். எங்கள் அம்மா காராச்சேவுத் தட்டை நீட்டி அந்தப் பேச்சை அடைத்துவிட்டார். அந்த நேரத்தில் நீங்கள் குனிந்து சிரித்த மாதிரி எனக்குப் பட்டது. இல்லையென்றால் மன்னிக்கவும்.

சாமான் இரவல் என்பது மட்டும் என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மூன்றாவது மனிதரிடம் இதை ஏன் சொல்ல வேண்டும் என்று விட்டிருப்பேன். இரவல் வாங்கியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. காந்திமதியின் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைப் பக்கமாக மடங்கியே இருக்கும். நிமிராது. சின்ன வயதில் எங்கள் ஊரில் கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சும்போது கொதிக்கிற பாகு கையில் கொட்டிவிட்டது. புண் ஆறியது. ஆறும்போது தோல் இழுத்துக்கொண்டது. கடலூர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். இனி நிமிராது என்று சொல்லிவிட்டார்கள். அப்பா இருந்தவரை வேறு எங்கெங்கோ அழைத்துப் போனார். பலன் இல்லை.

அந்தக் கையை வைத்துக்கொண்டு அவள் தண்ணீர் எடுக்கிறாள், மாவு அரைக்கிறாள், மிஷினில் ரவிக்கை தைக்கிறாள். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். பொடி ஊசியைப் பிடித்து நுணுக்க வேலை செய்வது மட்டும் கஷ்டம். எங்கள் அம்மாவின் கணக்கு இதுதான்: வீடு நிறையக் கைவேலை இருந்தால் கையை யார் பார்க்கப் போகிறார்கள்? தட்டை ஏந்தி வரச் சொன்னதும் அதற்காகத்தான். தட்டுக்குக் கீழே இருக்கிற விரல் மடங்கியிருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்று எவருக்குத் தெரியும்?

கணக்கு நன்றாகவே பலித்தது. கொஞ்சம் அதிகமாகவே பலித்துவிட்டது. உங்கள் அம்மா மணித்திரையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "எங்க வூட்டு வாசலுக்கும் இதே மாதிரி ஒண்ணு, உன் கையால செஞ்சி குடும்மா" என்று காந்திமதியிடம் கேட்டார்கள். அவள் வாய் திறக்குமுன் எங்கள் அம்மா, "அதுக்கென்னாங்க, பொங்கலுக்குள்ள செஞ்சி அனுப்பிடுறோம்" என்று ஒப்புக்கொண்டுவிட்டார். நீங்கள் வடலூர் பஸ் ஏறியிருக்க மாட்டீர்கள், அதற்குள் ஆதிலட்சுமி அக்கா வந்து தன் திரையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டாள். என் தங்கை வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் இருக்கிறேன். பெல்ட்டில் ஒட்டு சரியில்லை என்றால் மேலே பூசி மறைத்து ஓட்டிவிடலாம். காலியாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. லோடு ஏறினால் பிரியும். அப்போது பிரிந்தால் சேதம் பெரிது. இது எனக்குத் தெரிந்த வேலை. தெரிந்துகொண்டே என் தங்கை விஷயத்தில் பூசிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

இந்தக் கடிதம் எழுதுவது அம்மாவுக்கும் தெரியாது, காந்திமதிக்கும் தெரியாது. உங்களுக்கு வேண்டாம் என்று தோன்றினால் ஒரு வரி எழுதிவிடுங்கள். வருத்தம் இருக்கும், பகை இருக்காது. வேண்டும் என்றால் தெரிந்தே வேண்டும் என்று சொல்லுங்கள். இரண்டில் எதுவானாலும் சீக்கிரம்.

இப்படிக்கு,
சடையப்பன்


நெய்வேலி
10-1-1966

அன்புள்ள சிங்காரவேல் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பதில் கிடைத்தது. நான் ஷிப்டில் இருந்த நேரம் பார்த்துத் தபால்காரர் அதை எங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. காந்திமதி ரேஷனுக்குப் போயிருந்தாள். அம்மா சும்மா இருந்திருக்கலாம். ஆதிலட்சுமி அக்காவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அந்த அக்கா எதையும் மெதுவாகப் படிப்பவள் இல்லை. நான் வீடு வந்து சேர்வதற்குள் நீங்கள் எனக்கு எழுதியது முழுவதும் பிளாக்குக்கே தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை. சோற்றைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து, "சாப்புடுறவங்க சாப்புடலாம்" என்கிறார். குடியைக் கெடுக்க வேறு ஆள் வேண்டாம், பெற்ற பிள்ளையே போதும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அதை நான் பொருட்படுத்தவில்லை. காந்திமதி கோபித்துக்கொள்வாள் என்றுதான் நான் எதிர்பார்க்கவில்லை.

"என் கையப் பத்தி எழுதறதுக்கு நீ யாரு? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள். உனக்காகத்தான் எழுதினேன் என்றேன். "எனக்காவ நீ எழுத வேணாம். நான் அன்னிக்கே காட்டிட்டேன். தட்டை ஸ்டூல்மேல வெக்கும்போது அவரு பாக்கணும்னுதான் கையத் திருப்பிக்கினு வெச்சேன். அவரும் பாத்தாரு" என்றாள். நான் நம்பவில்லை. பிறகு உங்கள் கடிதத்தை எடுத்துப் பார்த்தால் நீங்களும் அதையேதான் எழுதியிருக்கிறீர்கள். தட்டை வைக்கும்போதே பார்த்தேன், எனக்கு அதில் ஆட்சேபம் ஒன்றும் இல்லை என்று.

ஆக, பார்க்க வேண்டியவர் பார்த்துவிட்டார், காட்ட வேண்டியவள் காட்டிவிட்டாள், நடுவில் ஒன்றும் தெரியாமல் தபால்தலை ஒட்டியவன் நான் ஒருவன்தான். இருக்கட்டும். எழுதியதற்கு நான் வருத்தப்படவில்லை. அவளைக் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உங்கள் கடிதத்தின் பிற்பகுதி எனக்குப் பிடிக்கவில்லை. 'அம்மாவுக்கு இப்போது தெரிய வேண்டாம். கல்யாணம் ஆன பிறகு நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். திரையை மட்டும் எப்படியாவது யாரைக் கொண்டாவது செய்து அனுப்பிவிடுங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நல்ல மனசு புரிகிறது. வழி சரியில்லை. எங்கள் அம்மா செய்ததை நீங்கள் பிலாயிலிருந்து செய்யச் சொல்கிறீர்கள், வேறொன்றும் இல்லை. உங்களுக்கு அங்கே குவார்ட்டர்ஸ் கிடைக்க ஒரு வருஷம் ஆகும், அதுவரை பெண் குள்ளஞ்சாவடியில் உங்கள் அம்மாவோடுதான் இருக்க வேண்டும் என்று உங்கள் சித்தப்பா அன்றே சொன்னார். காந்திமதியிடம் உங்கள் யோசனையைச் சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவரு அங்க இருப்பாரு. நான் அவுங்க அம்மாகூட ஒரே வூட்ல இருக்கணும். எத்தினி நாளைக்கி முந்தானையில கையச் சுத்திக்கினு நிப்பேன்?"

இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் எழுதுங்கள்.

திரையை அவளே செய்கிறாள். ஆதிலட்சுமி அக்கா இன்னொன்று செய்து தர முன்வந்தாள். உங்கள் கடிதத்தைப் படித்ததற்குப் பிராயச்சித்தம் போலிருக்கிறது. காந்திமதி வேண்டாம் என்றுவிட்டாள். "அந்தம்மா என் கையாலன்னுதான் கேட்டாங்க" என்கிறாள்.

வேலை ஒன்றும் பிரமாதம் இல்லை. காகிதத்தை நீளமான முக்கோணமாக வெட்டி, அகலமான பக்கத்திலிருந்து சைக்கிள் ஸ்போக்கில் சுற்றிக்கொண்டே போய், கூர்முனையில் மைதாப் பசை தடவி ஒட்ட வேண்டும். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் துளி மயில்துத்தம். ஸ்போக்கை உருவினால் நடுவில் பருத்து இரண்டு பக்கமும் சூம்பிய மணி வரும், துளையும் இருக்கும். காய்ந்ததும் வார்னிஷ். அப்புறம் தூண்டில் நரம்பில் கோக்க வேண்டியதுதான். பழைய காலண்டர்களில் பச்சையும் சிவப்பும் கிடைத்தன. நீலத்துக்கு நான் டிராயிங் ஆபீஸில் கழித்துப்போட்ட புளூபிரிண்ட் தாள்களைக் கேட்டு வாங்கி வந்தேன். ஆகையால் உங்கள் வீட்டு வாசலில் தொங்கப்போவதில் பாதி, எங்கள் பம்ப் ஹவுஸ் பிளான். உருட்டிவிட்டபடியால் யாரும் படிக்க முடியாது.

இப்படி ஒரு வேலையை அவள் செய்கிற வேகத்தில் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு லேசில்லை. தகரத்தில் முக்கோண அச்சு வெட்டிக் கொடுத்தேன். அதை மட்டும் வாங்கிக்கொண்டாள். பலகையில் ஆணி அடித்து இடைவெளி பிசகாமல் கோக்க ஒரு சட்டம் செய்தேன். அதைத் தொடவில்லை. மடங்கிய இரண்டு விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் ஸ்போக்கைச் செருகிக்கொள்கிறாள். இடுக்கி பிடித்த மாதிரி அசையாமல் நிற்கிறது. உருட்டுவது பரவாயில்லை. கோப்பதுதான் தகராறு. நரம்பு நழுவும், மணி உருளும், கட்டிலுக்கு அடியில் தேட வேண்டும். ஒரு சாயங்காலம் அவள் அடுப்படியில் இருந்தபோது நான் உட்கார்ந்து சில சரங்களைக் கோத்து முடித்துவிட்டேன். வந்து பார்த்தாள். கத்தரிக்கோலை எடுத்து நான் கோத்ததை மட்டும் அறுத்துவிட்டாள்.

எது என்னுடையது என்று எப்படித் தெரிந்தது என்றேன். "உன்னுது தனியாத் தெரியுது. எல்லாம் போலீஸ் பரேடு மாதிரி நிக்கிது" என்றாள். அதோடு விடவில்லை. "பொய் கூடாதுன்னு பிலாய் வரைக்கும் கடுதாசி போட்ட ஆளுதானே நீ?" என்றாள். அதற்குமேல் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

பொங்கலுக்குள் முடியாது. பூசத்துக்குள் ஆகலாம். கொஞ்சம் தாமதம் என்று உங்கள் அம்மாவுக்கு நீங்களே ஒரு கார்டு போட்டுவிடுங்கள். கையைப் பற்றியும் அதிலேயே எழுதினால் நல்லது. கார்டு வேண்டாம், கவரில் எழுதுங்கள். கார்டு என்றால் அங்கேயும் ஓர் ஆதிலட்சுமி இருப்பாள்.

அன்புடன்,
சடையப்பன்


நெய்வேலி
9-2-1966

அன்புள்ள சிங்காரவேல்,

நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். என் போன கடிதத்துக்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. வேலை அதிகம் என்று எடுத்துக்கொண்டேன். உங்கள் அம்மாவுக்கும் நீங்கள் எதுவும் எழுதவில்லை என்று நேற்றுத் தெரிந்துகொண்டேன். எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லத்தான் இது. நிதானமாகப் படியுங்கள்.

திரை முடிந்துவிட்டது. நீலப் பின்னணியில் இரண்டு பச்சைக் கிளிகள். ஆதிலட்சுமி அக்கா வீட்டுத் திரையில் கிளிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். இதில் இரண்டாவது கிளிக்குச் சரத்தை மறுபக்கத்திலிருந்து எண்ண வேண்டும் என்பதை இவள் மறந்துவிட்டாள். இரண்டும் ஒரே பக்கம் பார்க்கின்றன. பிரித்துக் கோ என்றேன். "ரெண்டும் ஒரே பக்கம் போவுது. அதுல என்னா தப்பு?" என்றாள். எனக்கு அது தப்புதான். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.

யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்று அம்மா சொன்னார். காந்திமதி தானே கொண்டுபோய் மாட்டுவதாகச் சொல்லிவிட்டாள். வீட்டில் பெரிய சண்டை. நிச்சயம்கூட ஆகாத பெண், தானாகப் போய் அவர்கள் வாசலில் நிற்பதா? ஊர் என்ன சொல்லும்? இத்தனை நாள் சுவரோடு பேசிக்கொண்டிருந்த அம்மா என் பக்கம் திரும்பி, "சடையா, நீயாவது சொல்லுடா" என்றார். எனக்கும் அது சரியாகப் படவில்லை. ஆனால் இந்தத் தடவை அவளைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை என்று இருந்தேன். கேட்டேன். "அவரு எழுதுவாருன்னு பாத்தேன். எழுதுன மாதிரி தெரியல. வேற யாரு சொல்லுவா?" என்றாள். லீவு போட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வடலூரில் பூசக் கூட்டம் இன்னும் கலையவில்லை. பஸ் பிடிக்கவே பெரும்பாடு ஆகிவிட்டது. திரையைப் பாயில் சுருட்டி நான் தோளில் வைத்திருந்தேன். கண்டக்டர் பிணமா என்று கேட்டான். கிளி என்றேன்.

உங்கள் அம்மா முற்றத்தில் மல்லாட்டைக் கடலை காயவைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்கள். "என்னாம்மா இது? தட்டுகூட மாத்தல, நீயே வந்துட்ட?" என்றார்கள். கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை, திகைப்பு. காந்திமதி, "வேற யாருனா மாட்டுனா சரம் சிக்கிக்கும்ங்க. அதான் வந்தேன்" என்றாள். ஸ்டூல் கேட்டாள். உங்கள் சித்தப்பா கொண்டுவந்து போட்டார். ஏறி நின்றாள். நான் ஆணி அடித்துக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டேன். இரண்டு கையையும் மேலே தூக்கித்தானே கட்ட வேண்டும்? அவசரமே இல்லாமல் ஒவ்வொரு முடிச்சாகப் போட்டாள். உங்கள் அம்மா நேர் கீழே நின்றார்கள்.

உங்கள் சித்தப்பாதான் முதலில் பேசினார். "என்னாம்மா இது, ஒரு கிளி ஓடுது, இன்னொண்ணு தொரத்துது?" என்று சிரித்தார். உங்கள் அம்மா சிரிக்கவில்லை. அவள் இறங்கியதும் இடது கையைப் பிடித்து, முந்தானையை விலக்கி, மடங்கிய விரலை நிமிர்த்திப் பார்த்தார்கள். நிமிரவில்லை.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

"எண்ணெயா, பாகா?"

"பாகுங்க. சின்னதுல."

"அன்னிக்கி ஏம்மா காட்டல?"

இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டேன். "உங்க புள்ளைக்குக் காட்டுனேங்க. அவரு பாத்தாரு. உங்களுக்குக் காட்ட எனக்கு அன்னிக்கித் தெகிரியம் வரல. அங்க இருந்த சாமான் எதுவும் நான் செஞ்சது இல்லீங்க. இது மட்டுந்தான் நான் செஞ்சது" என்றாள். எங்கள் அம்மாவை அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள்.

உங்கள் அம்மா கையை விட்டுவிட்டார்கள். என்னைப் பார்த்து, "அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். "அன்னிக்கேவா?" அன்றைக்கே என்றேன். "எங்கூட ஒரே பஸ்ஸுல பக்கத்துல உக்காந்துக்கினு வந்தானே. பொண்ணு எப்படிடான்னு கேட்டேன். நல்லா இருக்குன்னான். அப்பக்கூடச் சொல்லலியே" என்றார்கள். அதற்குமேல் உள்ளே போய்விட்டார்கள்.

மோர் வந்தது, குடித்தோம். உங்கள் சித்தப்பா மைன்ஸைப் பற்றி என்னென்னவோ கேட்டார். நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. கிளம்பும்போது உங்கள் அம்மா குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். காந்திமதி குனிந்தாள். உங்கள் அம்மா சிமிழைத் திறக்கவில்லை. அப்படியே மாடத்தில் வைத்துவிட்டார்கள். "எம்புள்ள கடுதாசி வரட்டும்மா. அவன் வாயால வரட்டும். அப்புறம் வெச்சி வுடுறேன்" என்றார்கள்.

இதுதான் நடந்தது. கூட்டவில்லை, குறைக்கவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் அம்மா கையைப் பார்த்துப் பின்வாங்கவில்லை. நான் அவர்கள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு அடி விழுந்தது உங்களால். பெற்ற பிள்ளை தன்னிடம் மறைத்தான் என்று, அதுவும் யாரோ பெண் வாயால் கேட்க நேர்ந்தது. அந்த வருத்தத்தை உங்களிடம் காட்ட நீங்கள் பக்கத்தில் இல்லை. பக்கத்தில் இருப்பவள் என் தங்கை. நாளைக்கு அந்த வருத்தம் அவள்மேல் திரும்பினால் அதற்கு அவள் என்ன செய்வாள்? நீங்கள் நல்லவர். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நல்லவர்கள் சில சமயம் பேசாமல் இருந்துவிடுகிறார்கள், அதுவாகச் சரியாகிவிடும் என்று. ஆகாது.

அதனால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே உங்கள் அம்மாவுக்கு எழுதுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். பார்த்தேன், மறைத்தேன், தப்பு என்று எழுதுங்கள். எனக்கு இந்தப் பெண் வேண்டும் என்றால் அதையும் எழுதுங்கள். வேண்டாம் என்றால் அதையாவது எழுதுங்கள். எதுவும் எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள். உங்கள் அம்மா தபாலுக்குக் காத்திருப்பார்கள். அவர்கள் மட்டும் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. காந்திமதி வழக்கமாக இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பாள். நேற்று அந்தக் கையாலேயே மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா என்ன ஆச்சு என்று கேட்டார். "மாட்டிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். அம்மா என்னிடம் மறுபடி பேசுகிறார். திட்டுவதற்காகத்தான், ஆனாலும் பேசுகிறார்.

இங்கே மற்றபடி புதிதாக ஒன்றும் இல்லை. எனக்கு அடுத்த வாரம் நைட் ஷிப்ட். நீங்கள் எது எழுதினாலும் எனக்கு எழுத வேண்டாம், உங்கள் அம்மாவுக்கு எழுதுங்கள். இன்னொரு கடிதம் எழுத மனமிருந்தால் காந்திமதி பெயரைப் போட்டு எழுதுங்கள். தபால்காரரிடம் அவள் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீங்கள் எங்கே இருந்தாலும், எதை முடிவு செய்தாலும், நன்றாக இருக்க வேண்டும். இதை மனதார எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன் காந்திமதியைக் கேட்டேன். எழுது என்றாள். உன் பங்குக்கு ஏதாவது எழுத வேண்டுமா என்றேன். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனவள், வாசற்படியில் நின்று, "அங்க குளுரு அதிகமான்னு மட்டும் கேளு" என்றாள்.

கேட்டுவிட்டேன்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
சடையப்பன்